எலதெத்தவும் ஆங்கில நாவலின் குழந்தைகளும்

கண்டி இராச்சியத்தின் வரலாறு பெரும்பாலும் அரசர்களின் பட்டியலாகவும், பறங்கியர், ஒல்லாந்தர், ஆங்கிலேயர் என அடுத்தடுத்து வந்த மூன்று ஐரோப்பிய வல்லமைகளோடு அது நடத்திய போர்களின் கதையாகவும், தலதா மாளிகையின் பெருமையாகவும் எழுதப்பட்டு வந்துள்ளது. அந்த வரலாற்றுக்குள் இலக்கிய வரலாற்றின் ஓர் அத்தியாயமும் அடங்கியிருக்கிறது என்பது கண்டியில் வாழ்வோர் பலருக்கே தெரியாத செய்தியாகும். ஆங்கிலத்தில் நாவல் என்னும் வடிவம் உருக்கொண்ட நாட்களில் டானியல் டீஃபோ எழுதிய இரண்டு கடற்பயண நாவல்கள், அதாவது 1719இல் வெளிவந்த 'றொபின்சன் குரூசோ'வும் 1720இல் வெளிவந்த 'கப்டன் சிங்கிள்டன்'உம், கண்டியைச் சூழ்ந்த மலைக் கிராமங்களில் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் தடுத்து வைக்கப்பட்டிருந்த றொபேட் நொக்ஸ் என்பவரின் அனுபவத்திற்குக் கடன்பட்டவை. முதலாவது நாவலில் அக்கடன் மறைமுகமானது. இரண்டாவதிலோ நொக்ஸின் கதையே பெயரோடு இடம்பெறுகிறது. நன்மை தீமை அறியாத பருவத்தில் வீட்டிலிருந்து பிடுங்கப்பட்ட ஒரு பிள்ளை, வளர்ந்தபின் தான் செய்யும் தீமைக்கு எவ்வளவு பொறுப்பாளி என்ற கேள்வி 'கப்டன் சிங்கிள்டன்' நாவலின் உயிர்நாடி. அதே கேள்வி நொக்ஸின் நூலிலும், அதைவிடக் கூர்மையாக அவருடைய பிற்கால வாழ்க்கையிலும் எழுகிறது. ஆகவே நாவலையும் இடத்தையும் சேர்த்தே வாசிக்கவேண்டியுள்ளது.

நொக்ஸ் 1641இல் இலண்டனில் பிறந்தவர். அவருடைய தந்தையின் பெயரும் றொபேட் நொக்ஸ்தான். கிழக்கிந்தியக் கம்பனிக்காக ஓடிய 'ஆன்' என்ற கப்பலின் தலைவர் அவர். தந்தையின் கப்பலில் மகனும் 1658ஆம் ஆண்டின் தொடக்கத்தில் புறப்பட்டபோது மகனுக்குப் பதினேழு வயதுகூட நிரம்பியிருக்கவில்லை. 1659 நவம்பரில் மசூலிப்பட்டினத்துக் கடலில் வீசிய புயலில் கப்பலின் பாய்மரம் சேதமடைந்ததால், அதைச் சீர்செய்வதற்காகக் கப்பல் இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள கொட்டியாரக் குடாவுக்கு அனுப்பப்பட்டது. திருகோணமலைக்குத் தெற்கே மூதூரை அடுத்துள்ள அக்குடாவுக்கும் தமிழகத்தின் பறங்கிப்பேட்டைக்கும் இடையே அந்நாளில் வணிகப் போக்குவரத்து இருந்ததால், பாய்மரத்தைச் சீர்செய்யும் வேலையோடு வணிகமும் நடக்கும் என்று கம்பனியார் கருதியிருந்தனர்.

அப்போது கண்டியை ஆண்டவர் இரண்டாம் இராஜசிங்கன் (ஆட்சிக்காலம் 1635 முதல் 1687 வரை). பறங்கியரை விரட்ட ஒல்லாந்தரை அழைத்து, பின்பு அந்த ஒல்லாந்தரே கரையோரத்தைப் பிடித்துக்கொண்டதைக் கண்டு மனம் கசந்திருந்த அவ்வரசர், கரையில் இறங்கும் ஐரோப்பியரைப் பிடித்து உள்நாட்டில் குடியமர்த்துவதை ஒரு வழக்கமாகவே கொண்டிருந்தார். அவர்களை விடுவிப்பது அரிது, கொல்வதும் அரிது. ஆன் கப்பலின் செய்தி எட்டியதும் திசாவை ஒருவர், அதாவது மாகாணம் ஒன்றை அரசரின் பெயரால் ஆள்பவர், படையோடு கொட்டியாரத்துக்கு வந்தார். 1660 ஏப்ரலில், புளியமரம் ஒன்றின் நிழலில் அமர்ந்திருந்த கப்பல் தலைவர் பிடிக்கப்பட்டார். அவரையும் மகனையும் சேர்த்துப் பதினாறு பேர் அரசரின் கைதிகளாயினர். வெள்ளையன் மரம் என்று பெயர்பெற்ற அப்புளியமரத்தின் இடத்தில் 1893இல் ஒரு நினைவுக்கல் நாட்டப்பட்டது.

இந்நிகழ்வில் அதிகம் பேசப்படாத ஒரு கட்டம் உண்டு. கப்பலை ஆற்று முகத்துக்குள் கொண்டுவரச் சொல்லும்படி திசாவை கட்டாயப்படுத்தியபோது, தந்தை தம் மகனையே தூதாக அனுப்பினார். மகன் கப்பலேறினார், கரையிலிருப்போரை நம்பவேண்டாம் என்று மாலுமிகளை எச்சரித்தார், அதன்பின் அங்கேயே தங்கித் தப்பித்துக்கொள்ளும் வாய்ப்பிருந்தும், தந்தைக்குக் கொடுத்த வாக்கின்படி கரைக்குத் திரும்பிக் கைதியானார். கப்பல் சில நாட்கள் காத்திருந்துவிட்டுப் போய்விட்டது. பத்தொன்பது வயது இளைஞர் ஒருவர் தம் விருப்பத்தாலேயே சிறைக்குள் திரும்பி வந்த இச்செயல், அவருடைய வாழ்க்கையின் மிகத் தூய்மையான செயல் என்று சொல்லத் தக்கது. பின்னாளில் அவர் செய்தவற்றை மதிப்பிடும்போதும் இதை மறந்துவிடுதல் ஆகாது.

கைதிகளைக் கோட்டையிலோ நிலவறையிலோ அடைக்கும் வழக்கம் கண்டியில் இல்லை. ஊருக்கு ஒருவராகவோ இருவராகவோ பிரித்து விடப்பட்ட அவர்களுக்கு ஊர் மக்கள் முறைவைத்துச் சோறளிக்க வேண்டும் என்பது அரச கட்டளை. மலைகளும் காடுகளும், வழிகளில் அமைந்த முட்கடவைகளும், அவற்றைக் காத்தோரும் சுவர்களின் வேலையைச் செய்தனர். நொக்ஸும் தந்தையும் பண்டார கொஸ்வத்த என்ற ஊரில் விடப்பட்டனர். கண்டிக்கு வடமேற்கே, இன்றைய குருநாகல் மாவட்டத்தில் உள்ள அவ்வூரில் இருவரையும் காய்ச்சல் பற்றியது. மாதக்கணக்கில் படுக்கையில் கிடந்த தந்தை 1661 பெப்ரவரியில் இறந்தார். மகனுக்கு இருபது வயது நிரம்பிய மாதம் அது. பிணத்தைக் கழுத்தில் கயிறு கட்டிக் காட்டுக்குள் இழுத்துப்போகவே ஊரார் முன்வந்தனர். அதற்கு உடன்படாத மகன், தாமும் காய்ச்சலால் மெலிந்திருந்த நிலையில், தம்மோடிருந்த கறுப்பினச் சிறுவனின் துணையோடு குழி தோண்டித் தந்தையைப் புதைத்தார்.

அச்சிறுவன் யார்? கப்பலில் தந்தைக்கும் மகனுக்கும் ஏவல் செய்ய வந்தவன்; அவர்களோடு பிடிபட்டவன்; காய்ச்சலிலும் பசியிலும் அவர்களோடு பங்குகொண்டவன். நொக்ஸ் ஒருநாள் மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது, பறங்கியர் கொழும்பை இழந்த நாட்களில் தன் கைக்கு வந்த ஓர் ஆங்கில நூலைச் சுமந்துகொண்டு வழிப்போக்கரான முதியவர் ஒருவர் வந்தார். உன் எசமானுக்கு வாசிக்கத் தெரியுமா என்று அவர் முதலில் கேட்டது இச்சிறுவனிடந்தான். அந்நூல் விவிலியம். பின்னிய குல்லாய் ஒன்றைக் கொடுத்து நொக்ஸ் அதை வாங்கிக்கொண்டார். தம் வாழ்வின் பெரும்பேறாக அதைக் கடைசிவரை கருதினார். அந்தப் பேறு கிடைக்கவும், அதற்கு முன் தந்தையின் உடல் மண்ணுக்குள் போகவும் துணைநின்ற சிறுவனின் பெயரை மட்டும் நொக்ஸ் எழுதவில்லை. நூல் முழுவதும் அவன் நிறத்தால்தான் சுட்டப்படுகிறான். அந்த மௌனம் ஒரு மனிதரின் குறையாக மட்டும் நிற்கவில்லை. ஐரோப்பியக் கடற்கதைகள் பலவற்றிலும் அது தொடர்கிறது.

கண்டிச் சமூகத்தில் குழந்தைகளின் நிலை பற்றி நொக்ஸ் தரும் செய்திகள் வேறு எந்த ஐரோப்பியரின் குறிப்பிலும் இவ்வளவு அருகிலிருந்து பார்த்த தன்மையோடு கிடைப்பதில்லை. தரையில் மணலைப் பரப்பி விரலால் எழுதிப் பிள்ளைகள் எழுத்துப் பயின்றதையும், பின்னர் எழுத்தாணியால் ஓலையில் எழுதியதையும் அவர் பதிவு செய்கிறார்; யாழ்ப்பாணத்தின் திண்ணைப் பள்ளியை அறிந்த தமிழருக்கு இது புதிதன்று. பிள்ளை பிறந்ததும் சோதிடரை அழைத்து நாழிகை பார்க்கும் வழக்கத்தைக் கூறி, கெட்ட வேளையில் பிறந்ததாகச் சொல்லப்பட்ட குழந்தை சில இடங்களில் சாகவிடப்பட்டதையும், சில இடங்களில் ஒத்த குலத்தார் ஒருவருக்கு வளர்க்கக் கொடுக்கப்பட்டதையும் அவர் எழுதுகிறார். தீய கோளின் பலன் பெற்றோருக்கே அன்றி வளர்ப்போருக்கு இல்லை என்பது அம்மக்களின் நம்பிக்கை. இதைச் சொன்ன கையோடு, தலைப்பிள்ளையாக, அதுவும் ஆண்பிள்ளையாகப் பிறந்தால் கெட்ட வேளையிலும் அப்பிள்ளை பெரும்பாலும் தப்பிவிடுவதையும், வீட்டில் பிள்ளைகள் மிகுந்த பின்னரே கோள்களின் சீற்றம் கடுமையாவதையும் அவர் குறித்துக்கொள்கிறார். வறுமையும் நம்பிக்கையும் ஒன்றின் பின் ஒன்று மறைந்து நிற்பதை இவ்வளவு தெளிவாகக் கண்டவரை வெறும் மதவெறுப்பாளர் என்று ஒதுக்கிவிட முடியாது.

அரண்மனைக்குள் நிலைமை இதைவிடக் கொடிது. உயர்குடிப் பிள்ளைகளில் அழகும் அறிவும் உள்ள சிறுவர்களைத் தேர்ந்தெடுத்து அரசர் தம் பணிக்கு அழைத்துக்கொண்டார் என்றும், நீண்ட கூந்தல் முதுகில் புரளத் திரிந்த அவர்கள் சில காலத்துக்குள் ஏதோ ஒரு குற்றத்தின் பெயரால் கொல்லப்பட்டனர் என்றும், அவர்களுக்குப் பதிலாக வேறு சிறுவர்கள் வரவழைக்கப்பட்டனர் என்றும் நொக்ஸ் எழுதுகிறார். கைதிகளான ஆங்கில இளைஞர் சிலருக்கும் அந்தப் பணி வாய்த்தது. அவர்களுள் ஒருவரான ஹென்றி மேன் அரசரின் சீனப் பீங்கான் ஒன்றை உடைத்துவிட்டு, உயிருக்கு அஞ்சி விகாரை ஒன்றில் அடைக்கலம் புகுந்தார்; அம்முறை மன்னிப்புக் கிடைத்தது; பிற்காலத்தில் வேறொரு குற்றச்சாட்டில் உயிர் போயிற்று. இரண்டாம் இராஜசிங்கனை எதிரியின் கண்ணோடு பார்த்தவர் நொக்ஸ் என்பதால் அவர் சொல்லும் ஒவ்வொன்றையும் அப்படியே கொள்ள வேண்டியதில்லை. ஆயினும் அரசரின் அறிவையும், எளிய உணவையும், ஒழுக்கத்தையும் அவரே பாராட்டுகிறார் என்பதால், பழிகூறும் இடங்களையும் முழுப் பொய்யென்று தள்ளிவிட இயலாது. ஜோன் லொக் தம் அரசியல் நூலில் தனியாட்சியின் கேட்டுக்கு எடுத்துக்காட்டாக இலங்கையைச் சுட்டியது நொக்ஸின் நூலை வாசித்ததன் விளைவே.

1664ஆம் ஆண்டு திசம்பர் மாதக் கிளர்ச்சி, இக்கட்டுரையின் பொருளுக்கு எல்லாவற்றினும் நெருக்கமானது. அரசர் அப்போது கண்டிக்குத் தெற்கே நில்லம்பையில் தங்கியிருந்தார். இன்று கலஹாவுக்குப் போகும் வழியில், தேயிலை மலைகளுக்கும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரின் லயங்களுக்கும் நடுவே உள்ள ஊர் அது. அம்பன்வெல இறாளை முதலிய தலைவர்கள் இரவில் அரண்மனையைச் சூழ்ந்துகொள்ள, அரசர் யானைகளை முன்விட்டுக் காடு பிளந்து மலைக்குள் தப்பினார். கிளர்ச்சியாளர் அரசரின் இளம் மகனைக் கண்டிக்குக் கொண்டுவந்து அரசனென்று அறிவித்தனர். கைதிகளான ஆங்கிலேயரும் இதில் சேருமாறு வற்புறுத்தப்பட்டனர். நத்தார் நாளன்று இது நிகழ்ந்ததை நொக்ஸ் குறிப்பிடுகிறார். அரண்மனைக்கு வெளியே உலகத்தையே கண்டிராத, தந்தையின் பணியாளரைத் தவிர வேறு மனிதரை அறியாத அந்தச் சிறுவன், தன் முன் விழுந்து வணங்கிய கூட்டத்தைக் கண்டு மகிழவில்லை; நடுங்கினான். பரிசளிக்கவோ பேசவோ அவனுக்குத் தெரியவில்லை. அரசரின் சகோதரியான அவனுடைய அத்தை அவனை அழைத்துக்கொண்டு அரசரிடமே ஓடிவிட்டாள். தலைவனை இழந்த கிளர்ச்சி ஒருவரையொருவர் கொள்ளையடிப்பதில் முடிந்தது.

அச்சிறுவனுக்கு அதன்பின் நேர்ந்தது என்ன? இன்னொரு கிளர்ச்சிக்கு அவன் கருவியாகிவிடக் கூடாது என்று அரசரே அவனுக்கு நஞ்சூட்டியதாக ஊரில் பேசப்பட்டதை நொக்ஸ் எழுதுகிறார். 1687இல் இராஜசிங்கனுக்குப்பின் அரியணை ஏறியவர் அவருடைய மகன் என்றே அறியப்பட்ட இரண்டாம் விமலதர்மசூரியன் என்பதால், நஞ்சு பற்றிய பேச்சை வரலாற்றாசிரியர் ஐயத்துடனேயே அணுகுகின்றனர். ஆனால் தன் மகனுக்கு நஞ்சூட்டக்கூடியவர் என்று குடிமக்கள் நம்பும் அளவுக்கு ஓர் அரசர் அஞ்சப்பட்டார் என்பது ஐயத்துக்கு இடமில்லாத உண்மை. பெரியோர் தம் நோக்கத்துக்காக ஒரு பிள்ளையை அரியணையில் இருத்தும்போது, அப்பிள்ளையின் குற்றமின்மை அதற்கு எவ்விதப் பாதுகாப்பையும் தருவதில்லை. நூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், 1814இல், எஹெலபொல அதிகாரத்தின் பிள்ளைகள் தந்தையின் செயலுக்காகக் கண்டி நகரின் நடுவே கொல்லப்பட்டதிலும் இதே கொடுமையைக் காணலாம்.

நொக்ஸ் கடைசியாக நிலைகொண்ட இடம் எலதெத்த. இடையில் லெகுண்டெனிய என்ற மலையூரில் சில காலம் தங்கவைக்கப்பட்ட அவர், உடுநுவரப் பகுதியில், கண்டி நகருக்குத் தெற்கே உள்ள எலதெத்தவில் ஒரு துண்டு நிலத்தை விலைக்கு வாங்கினார். விலை 25 லாரின். லாரின் என்பது வளைத்த வெள்ளிக் கம்பியால் ஆன, இந்து மாகடல் வணிகத்தில் வழங்கிய நாணயம். சோழ பாண்டிய மரபின் சாயலோடு கணேஸ்வராச்சாரி என்ற சிற்பி 1344இல் எழுப்பிய கடலாதெனிய விகாரையும், தமிழ்க் கல்வெட்டும் பொறிக்கப்பட்ட லங்காதிலகமும், மரச்செதுக்குக்குப் பெயர்போன எம்பெக்கே தேவாலயமும் இவ்வூரின் அயலில்தான் உள்ளன. இன்றைய பேராதனைப் பல்கலைக்கழகமும் தொலைவில் இல்லை. குல்லாய் பின்னி விற்றும், கோழியும் பன்றியும் வளர்த்தும், நெல்லைக் கடன்கொடுத்து அறுவடையின்போது நூற்றுக்கு ஐம்பது கூடுதலாக வாங்கியும், சில்லறைப் பண்டங்களை ஊர் ஊராகக் கொண்டு விற்றும் அவர் முன்னேறினார். குரூசோ தன் தீவில் வேலியடைத்து, ஆடு வளர்த்து, தானியம் சேர்த்துக் கணக்கு வைக்கும் பக்கங்களை வாசிக்கும் எவருக்கும் இந்த எலதெத்த வீடு நினைவுக்கு வரும். வேறுபாடு ஒன்று உண்டு: குரூசோவின் தீவில் அயலார் இல்லை, எலதெத்தவில் கடன்வாங்கிய உழவர் இருந்தனர். கைதி என்ற நிலையில் துன்புற்ற ஒருவர் தம்மைவிட வறியோரிடம் பாதிக்குப் பாதி வட்டி வாங்கியதை அவர் எந்தக் கூச்சமுமின்றி எழுதுகிறார். அக்காலத்தில் அவ்வூரில் அதுவே வழக்கமான வட்டியாகவும் இருந்தது.

அவ்வீட்டில் அவரோடு ஸ்டீபன் றட்லண்ட் உட்பட மணமாகாத ஆங்கிலேயர் மூவர் குடியிருந்தனர். ஊர்ப் பெண்களை மணந்தால் தப்பும் எண்ணம் தளர்ந்துவிடும் என்பதால் மணஞ்செய்வதில்லை என்ற உடன்பாடு இருந்தது. இருவர் அதை மீறிப் பிரிந்து சென்றனர். நொக்ஸும் றட்லண்டும் எஞ்சினர். பண்டம் விற்கும் பெயரில் ஆண்டுதோறும் வடக்கே சென்று வழிகளை அறிந்துகொண்ட இருவரும் 1679 செப்டெம்பரில் இறுதியாகப் புறப்பட்டனர். மான் வற்றல் வாங்க வந்தவர்கள் என்று சொல்லி அநுராதபுரத்தைக் கடந்து, தமிழர் அருவியாறு என்றும் சிங்களவர் மல்வத்து ஓயா என்றும் அழைக்கும் ஆற்றின் கரையைப் பற்றிக்கொண்டு, யானைக்காடுகளூடாக வன்னியர் ஆண்ட தமிழ் நிலத்தை அடைந்தனர். சிங்களம் அறியாத மக்களைக் கண்டபோதுதான் கண்டி அரசரின் எல்லையைத் தாண்டிவிட்டோம் என்ற துணிவு அவர்களுக்கு வந்தது. அந்த ஒக்டோபர் மாதம் மன்னாருக்குத் தெற்கே அரிப்பிலுள்ள ஒல்லாந்தக் கோட்டையில் அவர்களுடைய சிறைவாசம் முடிந்தது.

1680இல் இலண்டன் சேர்ந்த நொக்ஸ் கப்பலிலேயே எழுதத் தொடங்கியிருந்த குறிப்புகளை, விஞ்ஞானி றொபேட் ஹூக் ஒழுங்குபடுத்த உதவினார். அவருடைய முன்னுரையோடு இலங்கைத் தீவின் வரலாற்று விவரணமாக அந்நூல் 1681இல் வெளிவந்தது. ஜெர்மன், ஒல்லாந்தம், பிரெஞ்சு ஆகிய மொழிகளிலும் விரைவில் பெயர்க்கப்பட்ட அந்நூலை டீஃபோ நன்கு அறிந்திருந்தார். நொக்ஸ் சிறைபிடிக்கப்பட்ட ஆண்டையொட்டிப் பிறந்தவர் அவர். நூல் வந்தபோது இருபது வயதைத் தாண்டிய வணிகர். டீஃபோவின் ஆக்கமுறையை ஆராய்ந்து ஆர்தர் செக்கோட் 1924இல் எழுதிய நூல் நொக்ஸின் பங்கை விரிவாக நிறுவியது. 2011இல் கதரின் ஃபிராங் இருவரின் வாழ்க்கையையும் இணைத்து ஒரு நூல் எழுதினார். பசிபிக் தீவொன்றில் தனித்து வாழ்ந்த அலெக்சாண்டர் செல்கேர்க்கே குரூசோவின் முன்மாதிரி என்ற பரவலான கருத்து முழு உண்மையன்று. செல்கேர்க் தனிமையில் கழித்தது நான்கு ஆண்டுகளும் சில மாதங்களுமே. பத்தாண்டுகளைக் கடந்து நீளும் உழைப்பையும், வேதநூலைத் துணையாகக் கொண்ட மனத்தேற்றத்தையும் நொக்ஸின் நூலில்தான் டீஃபோ கண்டிருக்க முடியும்.

குரூசோ நாவலில் பலரும் விரைந்து கடந்துபோகும் பகுதி ஒன்றுண்டு. தீவுக்கு வருமுன்பே குரூசோ மொரோக்கோக் கரையில் அடிமையாகப் பிடிபடுகிறான். சூரி என்ற சிறுவனோடு படகில் தப்பும்போது, தன் உயிரையே தருவதாகச் சொல்லும் அச்சிறுவனின் அன்பில் மகிழ்கிறான். பின்பு போர்த்துக்கீசக் கப்பல் தலைவர் ஒருவர் விலை கேட்டதும், பத்தாண்டில் கிறித்தவனானால் விடுதலை என்ற நிபந்தனையோடு அவனை அறுபது வெள்ளிக்காசுக்கு விற்றுவிடுகிறான். அடிமைத்தனத்தைத் தன் உடலில் அனுபவித்த ஒருவன் அதே நிலையை ஒரு குழந்தைக்கு விதிக்கும் இந்த இடத்தில் டீஃபோ குரலை உயர்த்துவதில்லை. பண்டார கொஸ்வத்தவில் குழி தோண்டிய பெயரற்ற சிறுவனையும் சூரியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும்போது, சூரிக்குப் பெயராவது கிடைத்தது என்றே சொல்லத் தோன்றுகிறது.

'கப்டன் சிங்கிள்டன்' இதை இன்னும் ஆழமாகத் தோண்டுகிறது. பாப் சிங்கிள்டன் நடைபயிலும் வயதில் இலண்டனுக்கு அருகிலிருந்து திருடப்பட்டு, நாடோடிப் பெண் ஒருத்திக்குப் பன்னிரண்டு சில்லிங்குக்கு விற்கப்பட்டவன். அவளும் தூக்கிலிடப்பட்டபின் ஊரார் செலவில் வளர்ந்து, கப்பலேறி, திருட்டைத் தொழிலாகக் கற்றுக்கொள்கிறான். தனக்கு வீடென்றோ கடவுளென்றோ எதுவும் இல்லாததால் குற்றவுணர்வும் இல்லை என்று அவனே சொல்கிறான். ஆப்பிரிக்காவைக் குறுக்காகக் கடந்து பொன் சேர்த்து, அதைத் தொலைத்து, கடற்கொள்ளையனாகிறான். வில்லியம் என்ற குவேக்கர், அதாவது ஆயுதமேந்தாக் கிறித்தவச் சபையைச் சேர்ந்தவர், அவனுக்கு நண்பராகவும் ஆசானாகவும் அமைகிறார். வெள்ளையர் எவருமின்றி அறுநூறு அடிமைகளோடு அலையும் கப்பலொன்றை அவர்கள் எதிர்கொள்ளும் கட்டத்தில், தம்மை அடிமைப்படுத்தியோரைக் கொல்ல அம்மக்களுக்கு நியாயமுண்டு என்று வில்லியம் வாதாடி அவர்களைக் காப்பாற்றுகிறார். அதே வில்லியம் அவர்களைப் பிரேசிலில் விற்றும் வருகிறார். நியாயத்தை அறிந்த மனிதரே அதை விற்கவும் கூடும் என்பதை ஆங்கில நாவல் தன் குழந்தைப் பருவத்திலேயே கண்டுகொண்ட இடம் இது.

இலங்கை வருவது இதன்பின்புதான். கொள்ளையரின் கப்பல் இலங்கைக் கரையில் சிக்குகிறது. முதிய ஒல்லாந்தர் ஒருவர் வாயிலாக, கரையிறங்கி அரசரின் விருந்தினராகுமாறு அழைப்பு வருகிறது. கொட்டியாரத்துப் புளியமர நிழலை அறிந்த வாசகருக்கு அவ்வழைப்பின் பொருள் உடனே விளங்கும். வில்லியத்தின் எச்சரிக்கையால் அவர்கள் தப்புகின்றனர். அந்த இடத்தில் கதையை நிறுத்தி, நொக்ஸின் சிறைவாசத்தையும் தப்பியோட்டத்தையும் சுருக்கமாக, ஆனால் பல பக்கங்களுக்கு, சிங்கிள்டன் எடுத்துரைக்கிறான். தந்தையற்ற, வேதமறியாத கொள்ளையன் ஒருவனின் வாயில், தந்தைக்காகச் சிறைக்குத் திரும்பி வேதநூலைப் பற்றிக்கொண்ட இளைஞரின் கதை வைக்கப்பட்டிருக்கிறது. பக்கம் நிரப்ப டீஃபோ செய்த வேலை இது என்று கருதிய திறனாய்வாளர் உண்டு. அக்கருத்து ஏற்கத்தக்கதன்று: ஒரே கடலுக்கு வந்த இரு பிள்ளைகளில் ஒருவனுக்கு வளர்ப்பு இருந்தது, மற்றவனுக்கு இல்லை என்ற ஒப்பீடு நாவலின் நடுக் கேள்வியோடு நேராகப் பொருந்துகிறது.

ஆனால் வளர்ப்பு இருந்தவரின் பிற்கால வாழ்க்கை டீஃபோவின் ஒப்பீட்டைக் குலைத்துவிடுகிறது. நாடு திரும்பிய மறு ஆண்டே நொக்ஸ் கம்பனியின் 'டொங்கின் மேர்ச்சன்ட்' கப்பலின் தலைவரானார். 1684இல் அவருக்கு இடப்பட்ட பணி மடகாஸ்கரில் அடிமைகளை வாங்கிச் செயின்ற் ஹெலினாத் தீவுக்குக் கொண்டுசெல்வது. அன்னிய அரசர் ஒருவரின் சொல்லுக்குக் கட்டுண்டு பத்தொன்பது ஆண்டுகள் ஊர் திரும்ப ஏங்கியவர், ஊர் திரும்பவே முடியாத பயணத்துக்கு மனிதரை ஏற்றும் தொழிலை ஏற்றுக்கொண்டார். கண்டியில் தம்மைத் தடுத்துவைத்ததைக் கொடுங்கோன்மை என்று எழுதிய கைக்கு, இதைப் பெயரிட்டு அழைக்க ஒரு சொல்லும் தோன்றவில்லை. இதைக் காலத்தின் குற்றமென்று மட்டும் சொல்லித் தீர்த்துவிட முடியாது. சிறையென்றால் என்னவென்று அறியாதவர் அல்லர் அவர். நொக்ஸ் 1720 சூன் மாதம் இறந்தார். 'கப்டன் சிங்கிள்டன்' அதே மாதத் தொடக்கத்தில்தான் வெளிவந்திருந்தது.

கடல், தீவு, வீட்டைவிட்டோடும் சிறுவர் என்ற இக்கதை வடிவம் இலங்கைக்கே திரும்பி வந்ததையும் இங்கு குறிப்பிடவேண்டும். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947இல் வெளியிட்ட 'மடொல் தூவ' என்ற சிங்கள நாவலில், உபாலி என்ற குறும்புச் சிறுவனும் வீட்டு வேலைக்காரச் சிறுவனான ஜின்னாவும் தென்னிலங்கையில் கொக்கலை ஏரியின் தீவொன்றில் குடியேறுகின்றனர். எசமானும் ஏவலாளும் என்ற குரூசோவின் அடுக்கு அங்கும் இருக்கிறது. ஆனால் ஜின்னாவுக்குப் பெயரும் அச்சமும் நகைப்பும் சொந்த விருப்பங்களும் உண்டு, அவன் விற்கப்படுவதும் இல்லை.

நொக்ஸின் கதையிலும் விற்கப்படாத ஒரு குழந்தை உண்டு. தம் நூலின் பிரதியொன்றில் வெற்றுத்தாள்களை இடையிட்டு முதுமையில் அவர் எழுதிவைத்த தன்வரலாறு, இருநூறு ஆண்டுகள் கேட்பாரற்றுக் கிடந்து, ஒக்ஸ்போர்ட் பொட்லியன் நூலகத்தில் கண்டெடுக்கப்பட்டு 1911இல் அச்சேறியது. எலதெத்த வீட்டில் தாம் வளர்த்த லூசியா என்ற சிறுமியைப் பற்றி அவர் அங்குதான் எழுதுகிறார். தோழர் ஒருவருக்கும் சிங்களப் பெண்ணொருத்திக்கும் பிறந்த அவளை நடைபயிலும் நாள் முதல் வளர்த்தவர், தப்பியோடும் நாளில் அவளிடம் எதுவும் சொல்லாமல் புறப்பட்டுவிட்டார். கடைசிவரை மணஞ்செய்யாத அவர், பின்னாளில் கண்டியில் எஞ்சியிருந்த ஆங்கிலக் கைதிகளுக்கு அனுப்பிய மடலில் அவளை மறவாமல் விசாரித்து, எலதெத்த வீடும் நிலமும் அவளுக்கே உரியவை என்று எழுதினார். பெண் தன் பிறந்தகத்திலேயே கணவனை ஏற்று நிலத்தை ஆளும் பின்ன என்ற மணமுறை வழங்கிய கண்டிச் சமூகத்தில் அப்படியொரு கொடை வெறும் அன்புமொழி அன்று. ஊரார் ஏற்கக்கூடிய உரிமையே. 1681ஆம் ஆண்டு நூலை மட்டுமே கையில் வைத்திருந்த டீஃபோ இந்தச் சிறுமியை அறிந்திருக்க வாய்ப்பில்லை. ஆகவே கடலோடிகளும், கொள்ளையரும், விற்கப்பட்ட சிறுவர்களும் நிறைந்த அவருடைய நாவல்களில் எலதெத்தவின் நிலத்துக்கு உரியவளான லூசியா இடம்பெறவில்லை.